ஒன்பதாவது பெட்டியில் ஓர் ஊசி

கல்யாணமான நாளிலிருந்து ஜெராக்ஸ் தன் மனைவியிடம் எதையும் மறைத்து ஜெயித்ததில்லை. ஆனாலும் முயற்சியைக் கைவிட்டதும் இல்லை. ரயில் ஏறிய முதல் நாள் சாயங்காலம், மேல் பெர்த்துக்கு ஏறும்போது கம்பியைப் பிடிப்பதற்குப் பதிலாகத் திரையைப் பிடித்தான். திரை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. கிழிசலை மடிப்புக்குள் செருகிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல ஏறிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் கண் விழித்தபோது, மனைவி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தத் திரையை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க."

"நான் கிழிக்கல," என்றான் ஜெராக்ஸ்.

"யார் கிழிச்சாங்கன்னு கேக்கல. அது எனக்கு நேத்தே தெரியும். யார் தைச்சாங்க?"

ஜெராக்ஸ் தலையை நீட்டிப் பார்த்தான். கிழிசல் இருந்த இடத்தில் கிழிசல் இல்லை. விரலால் தடவினாலும் தட்டுப்படாத தையல். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்தான், எறும்பு நடந்து போன தடம் மாதிரி மெல்லிய ஒரு கோடு தெரிந்தது.

ஒரு காலத்தில் அவன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடை படுத்துவிட்டது, பெயர் மட்டும் எழுந்து நின்றுவிட்டது. மனைவிக்குத் துப்பறியும் தொழில். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அவளை ஊரே லென்ஸ் என்றது. அவள் துப்பறிவாள், அவன் பெட்டி தூக்குவான். போகிற இடத்தில் யாராவது சும்மா இருந்தால் வாயைக் கிளறி வம்பு வளர்ப்பதும் அவன் பொறுப்புதான்.

இந்த முறை அவர்கள் தேடி வந்தது ஓர் அம்மாவை. பெயர் பெற்ற தையல் கடை ஒன்றின் முதலாளி, கண் கலங்கியபடி அவர்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னார்: "எங்கம்மாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் தப்புது, மேடம். எவனோ ஏமாத்துக்காரன் ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போயிட்டான். நாட்டோட அந்தக் கோடிக்குப் போற ரயில்ல ஒன்பதாவது பெட்டியில டிக்கெட் எடுத்திருக்காங்க. கடைசி ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள கண்டுபிடிங்க. அங்கே இறங்கிட்டா அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது."

கடைசி ஸ்டேஷன் என்பது அடுத்த தெரு இல்லை. ஒரு வாரம் ரயில் ஓடிக்கொண்டே இருந்தால்தான் வரும். ரயில் இவர்கள் ஊர் வழியாகப் போகும்போது இருவரும் அதே பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். ஆனால் ஒன்பதாவது பெட்டியில் அந்த அம்மாவின் பெர்த் காலியாக இருந்தது. எதிரே இருந்த பயணிகள், "இந்த ஸ்டேஷன் வர்ற வரைக்கும் இங்கேதான் இருந்தாங்க, பாவம், நல்லா பேசுவாங்க. இறங்கிட்டாங்க போல," என்று கையை விரித்தார்கள்.

"இறங்கல," என்றாள் லென்ஸ் இப்போது, திரையைக் கீழே விட்டு. "இதே வண்டியிலதான் இருக்காங்க. வலக்கைக்காரங்க தைச்சா தையல் ஒரு பக்கமா சாயும். இது எதிர்ப்பக்கம் சாயுது. பையன் என்ன சொன்னாரு? அம்மா இடதுகைக்காரின்னு சொன்னாரா இல்லையா?"

"இந்த வண்டியில இன்னொரு இடதுகைக்காரி இருக்கக் கூடாதா, பாஸ்?"

"இருக்கலாம். ஆனா முன்பின் தெரியாத ஆளோட திரையை, கேக்காமலே, இவ்வளவு ஒழுங்கா தைச்சிட்டுப் போறவங்க ஊருக்கு ஒருத்தரே அதிகம்."

அடுத்து வந்த நிறுத்தத்தில் அவள் பிளாட்பாரத்தில் இறங்கி முதலாளிக்குப் போன் செய்தாள். திரும்பி வந்தபோது நெற்றியில் ஒரு சுருக்கம் கூடியிருந்தது.

"நாளைக்கு வர்ற ஸ்டேஷனுக்குப் பிளேன் பிடிச்சு வந்துடறாராம். டாக்டரோட ஆம்புலன்ஸ் கொண்டு வர்றாராம். அம்மா முரண்டு பண்ணினா கட்டித் தூக்கிட்டுப் போகவும் ஆள் இருக்காம்."

"பெத்த தாயை அழைச்சிட்டுப் போக மேளதாளம்னா சரி. கயிறு எதுக்கு?"

லென்ஸ் திரையைத் திரும்பவும் எடுத்து ஒரு முறை தடவிப் பார்த்தாள். "ஞாபகம் தப்பினவங்க கை இவ்வளவு நேரா போகுமாங்க?"

ஜெராக்ஸுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் பழக்கம். அவை அவனைக் கேட்கும் கேள்விகள் அல்ல.

*

ஒன்பதாவது பெட்டிக்கு ஓர் அட்டெண்டர் இருந்தார். தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டும் போட்ட பெரிய மனிதர். போர்வை கொடுப்பது, வாங்கி அடுக்குவது, வெந்நீர் பாய்லரைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை. குழந்தைகள் தாழ்வாரத்தில் ஓடினால் கூடவே ஓடுவார். அவர் தேநீர் கொண்டு வந்து வைத்ததும் லென்ஸ் கேட்டாள்:

"இந்தத் திரையை நீங்களா தைச்சீங்க?"

அட்டெண்டர் திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஆமாங்க மேடம். நாங்கதான் எல்லாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்று சொல்லிய லென்ஸ், சட்டென்று கணவன் பக்கம் திரும்பி, அவன் சட்டையில் வயிற்றுக்கு நேராக இருந்த பொத்தானைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். பொத்தான் கையோடு வந்தது. "இதையும் கொஞ்சம் தைச்சுக் கொடுத்துடுங்க. ஊசி நூல் என்கிட்டயே இருக்கு. இங்கேயே உக்காருங்க."

அட்டெண்டர் உட்கார்ந்தார். ஜெராக்ஸ் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு வேடிக்கை பார்த்தான். அட்டெண்டர் வலது கையில் நூலைப் பிடித்தார். நூல் ஊசியின் காதைத் தேடி இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, காது இருக்கிற பக்கம் மட்டும் போகவில்லை. எச்சில் தொட்டுப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியில் லென்ஸே கோர்த்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் முகம் வேர்க்க வேர்க்கத் தைத்தார். முடித்துவிட்டுச் சட்டையை நீட்டினார். சட்டையோடு அவர் கையும் வந்தது. பொத்தானைத் தன் கோட்டுக் கையோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

"வண்டி ரொம்ப ஆடுதுங்க," என்றார்.

"ஆடத்தான் செய்யும், அண்ணே," என்றான் ஜெராக்ஸ். "இதோட நிறுத்துங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் ஒரே சட்டையில குடும்பம் நடத்த வேண்டியதாயிடும்."

அட்டெண்டர் நூலை அறுத்துக்கொண்டு எழுந்தார். "உள்ளே கொண்டுபோய் நிதானமா தைச்சுக் கொண்டாந்துடறேன், மேடம்."

"தாராளமா."

அவர் போனதும் லென்ஸ் கணவனின் பனியனைத் தட்டினாள். "சட்டை எங்கே போகுதோ அங்கே போங்க."

"இப்படியேவா?"

"உங்க அழகை யாரும் திருடிட்டுப் போயிட மாட்டாங்க. துண்டைப் போட்டுக்கிட்டு, ஒரு டம்ளரை எடுத்துக்கிட்டு வெந்நீர் பிடிக்கப் போற மாதிரி போங்க."

அவன் போனான். தாழ்வாரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். இத்தனை நாள் ஒன்றாகப் பயணம் செய்ததில் அந்தப் பெட்டி ஒரு கூட்டுக்குடும்பம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. எல்லாரும் வீட்டுச் செருப்பில் நடந்தார்கள், ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நேற்றுப் பார்த்த அதே புல்வெளி இன்றும் முடியாமல் கிடந்தது.

பத்தே நிமிஷத்தில் ஜெராக்ஸ் டம்ளரோடு திரும்பினான். டம்ளரில் வெந்நீர் இல்லை, ஆனால் முகத்தில் நிறையச் செய்தி இருந்தது.

"பாஸ், பாய்லருக்குப் பக்கத்துல போர்வை அடுக்கி வைக்கிற அறை இருக்கு பார்த்தியா? நம்ம ஆள் அந்தக் கதவை ரெண்டு தட்டு தட்டினாரு. தொண்டையைச் செருமினாரு. அப்புறம்தான் உள்ளே போனாரு."

லென்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"போர்வைங்க உடை மாத்திக்கிட்டு இருக்கும்னா தட்டினாரு?" என்றான் ஜெராக்ஸ். "அது மட்டுமில்ல. தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. தலையை வேற சீவிக்கிட்டாரு."

"சபாஷ்," என்றாள் லென்ஸ். வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கிற சபாஷ். ஜெராக்ஸ் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

சாயங்காலம் சட்டை வந்தது. பொத்தான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. அவன் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, கையை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், மூச்சை இழுத்துவிட்டான். பிறகு சோகமாகச் சொன்னான்:

"ரெண்டு பக்கமும் தையலைப் பிரிச்சு ரெண்டு விரல் அகலம் விட்டுத் தைச்சிருக்காங்க. கேக்கவே இல்லை, பாஸ். என்னைப் பார்க்காமலே, என் தொப்பையைப் பத்திக் கருத்து சொல்லியிருக்காங்க."

"இந்தச் சட்டை உங்களைப் பிடிக்குதுன்னு நானும் சொல்லிட்டுதான் இருக்கேன்."

"நீ வாயால சொன்னே. அவங்க செஞ்சு காட்டிட்டாங்க."

*

மறுநாள் காலை, ஸ்டேஷன் வர இன்னும் நேரம் இருக்கும்போது, லென்ஸ் போர்வை அறையின் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். பாய்லரின் பக்கத்தில் நின்ற அட்டெண்டர் குறுக்கே வர ஓர் அடி வைத்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "திறந்துதான் இருக்கு. வாங்க."

கஞ்சி போட்டுத் தேய்த்த துணியின் வாசனை. மேலே வரை அடுக்கிய போர்வைகளுக்கு நடுவே, சின்ன ஜன்னல் வெளிச்சத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் போர்வை மூட்டை மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் விரிப்பு, இடது கையில் ஊசி. தலை நிமிரவில்லை.

"உக்காருங்க. இந்த ஓரம் முடிஞ்சிடட்டும்." முடித்து, பல்லால் நூலைக் கடித்துவிட்டு, ஜெராக்ஸைப் பார்த்தாள். "சட்டை இப்ப மூச்சு விடுதா, தம்பி?"

"விடுதுங்கம்மா. நானும் விடறேன்."

"நீங்க அந்தத் திரையைத் தொடாம விட்டிருந்தா," என்றாள் லென்ஸ், "நாங்க ஆள் இல்லைன்னு சொல்லித் திரும்பியிருப்போம்."

"தெரியும். வெளியே நிக்கறவரும் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. எங்க மருமகளோட அண்ணன், உங்க ஊர் ஸ்டேஷன்ல என் போட்டோவைக் கையில வச்சுக்கிட்டுப் பெட்டி பெட்டியாத் தேடினான். அதுல பயந்துதான் இங்கே வந்து உக்காந்தேன். நேத்து விடியறப்ப முகம் கழுவப் போனேனா, கிழிசல் கண்ணுல பட்டுடுச்சு. பார்த்துட்டு எப்படிங்க போறது? நின்ன இடத்துலயே தைச்சேன். நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டு இருந்தீங்க. தம்பியோட குறட்டை இருந்ததால நான் இருமினதுகூட யாருக்கும் கேக்கல."

தேடப்படும் ஆளே தன் தலைமாட்டில் நின்று திரை தைத்திருக்கிறாள் என்பதை லென்ஸ் ஜீரணிக்க ஒரு நிமிஷம் பிடித்தது. ஜெராக்ஸ் அந்த நிமிஷத்தை மிகவும் ரசித்தான்.

"உங்க பையன், உங்களுக்கு ஞாபகம் தப்புதுன்னு சொன்னாரு."

"அவனுக்கு இடது தோள் வலது தோளை விட அரை விரல் இறக்கம். நாலு பேருக்குத் தெரியக் கூடாதுன்னு, பள்ளிக்கூடத்துச் சட்டையிலிருந்து கல்யாணக் கோட்டு வரைக்கும் உள்ளே பஞ்சு வச்சுத் தைச்சிட்டு வர்றேன். ஒரு தடவைகூட பக்கம் மாறினதில்லை. ஞாபகம் தப்பினா மாறியிருக்குமே." அவள் விரிப்பை மடித்தாள். "கடைப் பலகையில அவன் பேரு. துணி வெட்டறது நான். வர்றவங்க எல்லாம் அவன் வெட்டறதா நினைச்சுக்கறாங்க. நான் பின்கட்டு அறையில. அதுல எனக்கு வருத்தம் இல்லைங்க, பிள்ளைதானே. ஆனா போகணும்னு சொன்னப்ப, போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். எனக்குப் பைத்தியம்னு சொல்லிட்டான்."

"யாரோ ஆசை காட்டினதா…"

"யாரோ இல்லை, அவருதான். வெளியில நிக்கறாரே." குரலில் கூச்சமே இல்லை. "இந்த ரயில்ல கிழியற துணி எல்லாம் எங்க ஊர்ல என்கிட்டதான் இறங்கும். வருஷக்கணக்கா நான் பிளாட்பாரத்துல நிப்பேன், அவரு படியில நிப்பாரு. மூட்டை கை மாறும், வண்டி போயிடும். போன மாசம் கேட்டாரு, மிச்ச வாழ்க்கைக்குச் சேர்ந்து இருக்கலாமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" ஜெராக்ஸால் அடக்க முடியவில்லை.

"எதுவும் சொல்லல. இந்த வண்டி போற வழி முழுக்க ஒரு தடவை நான் பார்க்கணும், கடைசி ஸ்டேஷன்ல இறங்கி என் முடிவைச் சொல்றேன்னேன். எங்கப்பா பார்த்துக் கட்டி வச்சாரு. அப்புறம் வீட்டுக்காரர் சொன்னபடி, அவர் காலமானப்புறம் பையன் சொன்னபடி. இது ஒண்ணுதான் நானா யோசிச்சுச் சொல்லப் போற பதில். பாதி வழியில இறக்கிட்டா அந்தப் பதில் என்னன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நேத்தே உங்க பையனுக்குச் சொல்லிட்டேன். அடுத்த ஸ்டேஷன்ல ஏறறாரு. ஆம்புலன்ஸ் நிக்குது."

 கதவுப் பக்கத்திலிருந்து அட்டெண்டர், "சமையல் பெட்டிக்குப் போயிடலாம், அங்கே ஒரு மறைவு இருக்கு," என்று அவசரப்படுத்தினார்.

"எதுக்கு? காசு கொடுத்து டிக்கெட் எடுத்துதானே வந்தேன்," என்றாள் அந்த அம்மா. "ஒளிஞ்ச வரைக்கும் போதும். என்னமோ தப்புப் பண்ணின மாதிரியே இருக்கு. கதவைத் திறந்து வைங்க. வரட்டும்."

லென்ஸ் குனிந்து அவள் காதருகே என்னவோ சொன்னாள். ஜெராக்ஸ் காதைத் தீட்டிக்கொண்டும் பயனில்லை. பாய்லர் இரைந்தது.

தங்கள் இடத்துக்குத் திரும்பியதும் அவன் பொரிந்தான். "அவங்க இருக்கற இடத்தைச் சொல்லப் போறியா?"

"வாக்குக் கொடுத்திருக்கேன். கண்டுபிடிச்சா எங்கேன்னு சொல்லணும். சொல்லுவேன்."

"பாஸ், உன் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசினதில்லை. இன்னிக்குப் பேசறேன். நான் அந்தக் கதவுக்குக் குறுக்கே படுத்துக்குவேன்."

"படுத்தா யாராலயும் தாண்ட முடியாதுதான்," என்றாள் லென்ஸ். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வண்டி வேகம் குறைந்தது.

*

புல்வெளிக்கு நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொட்டகை, ஒரு பிளாட்பாரம். அதன் ஓரத்தில் வெள்ளை ஆம்புலன்ஸ், கதவு திறந்தபடி. முதலாளி படியேறி, தாழ்வாரத்தில் கிடந்த செருப்புகளை மிதித்துக்கொண்டு வந்தார். நல்ல கோட்டு. தோள்கள் இரண்டும் அளவெடுத்து வைத்தாற்போல் சமமாக இருந்தன. ஜெராக்ஸின் கண் இடது தோளை விட்டு நகர மறுத்தது.

"எங்கே மேடம்? வண்டி இங்கே கொஞ்ச நேரம்தான் நிக்கும்."

"சொல்றேன். முதல்ல உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. இடத்தைச் சொல்லுங்க, என் ஆளுங்க தூக்கிக்குவாங்க."

"அவசரப்பட்டா கோட்டை விட்டுடுவீங்க. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு தெரிஞ்சாத்தான் எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியும்." அவள் எதிரே கை காட்டினாள். "நீங்க தொழில் தெரிஞ்சவர். ஒரு தையல் நுட்பம் இருக்கு, உங்களை மாதிரி ஆளுக்குத்தான் புரியும்."

அந்த ஒரு வார்த்தைக்கு முதலாளி உட்கார்ந்துவிட்டார்.

ஜெராக்ஸ் வாயைப் பிளந்தான். இத்தனை வருஷத்தில் எந்த வழக்கிலும் அவள் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. கூடப் படுத்து எழுந்திருக்கிற அவனுக்கே, ஊர் திரும்பிய பிறகு, காய்கறி நறுக்கிக்கொண்டு இரண்டு வரியில் சொல்வாள். இன்றைக்கு, கதை கேட்க வந்த குழந்தைக்குச் சொல்வது போல, முதல் நாள் சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்தாள். திரையின் நிறத்தைச் சொன்னாள். கிழிசலின் நீளத்தைக் கையால் அளந்து காட்டினாள். வலக்கைத் தையலுக்கும் இடக்கைத் தையலுக்கும் என்ன வித்தியாசம் என்று அவரையே சொல்லச் சொன்னாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சமாளித்தார், அதற்கும் கொஞ்ச நேரம் போயிற்று. அட்டெண்டர் தேநீர் கொண்டு வந்தார். சர்க்கரை மறந்து போய்த் திரும்பப் போனார்.

"மேடம், புரிஞ்சிடுச்சு. ஆள் எங்கே?"

"இன்னும் முக்கியமான தடயமே வரலையே. என்னங்க, அந்தச் சட்டையைக் கழட்டிக் காட்டுங்க."

ஜெராக்ஸ் எழுந்து முதல் பொத்தானைக் கழற்றினான்.

"மெதுவா," என்றாள் அவள். "பொத்தான் போயிடப் போகுது."

கல்லு மாதிரி தைத்த பொத்தான். எங்கே போகும்? அவன் அவளைப் பார்த்தான். கனத்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் ஒரு கணம் ஜன்னல் பக்கம் போய் வந்தது. வெளியே ஸ்டேஷன் மாஸ்டர் சுருட்டி வைத்த கொடியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. இவளுக்கு ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது பொத்தானை, வாழ்க்கையில் முதன்முதலாகப் பொத்தானைப் பார்ப்பவன் போலக் கையாண்டான். மூன்றாவது பொத்தானுக்கு முன்னால் ஒரு தும்மல் போட்டான். நான்காவதில் நகம் மாட்டிக்கொண்டதாக முனகினான். ஐந்தாவதைக் கழற்றிவிட்டு, முதலாவதைத் திரும்பவும் மாட்டினான்.

"யோவ், என்ன விளையாடறீங்களா?" என்று முதலாளி எழுந்தார்.

அப்போது பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. முதலாளி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி நகர்ந்தது. ஆம்புலன்ஸ் நகர்ந்தது. அதன் அருகில் நின்ற டாக்டர் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார். அப்புறம் புல்வெளி.

"போர்வை அறையில இருக்காங்க," என்றாள் லென்ஸ். "பாய்லருக்கு அடுத்த கதவு. கேட்டீங்களே, சொல்லிட்டேன். சொன்ன வாக்குத் தவற மாட்டேன்."

"வேணும்னே பண்ணியிருக்கீங்க."

"ஆமாம். நீங்க தேடிக் கொடுக்கச் சொன்னீங்க, கொடுத்துட்டேன். கட்டித் தூக்கறது என் வேலையில்ல. அடுத்த ஸ்டேஷன் நாளைக்குத்தான்."

முதலாளி பாய்ந்து தாழ்வாரத்துக்கு வந்தார். எதிரே அவர் அம்மா வந்துகொண்டிருந்தாள். தலை வாரி, புதுச் சேலை உடுத்தி, யாரும் கூப்பிடாமல் தானாக நடந்து வந்தாள். வண்டி நகரும் வரை வெளியே வராதீர்கள் என்றுதான் லென்ஸ் காதில் சொல்லியிருக்கிறாள் என்று ஜெராக்ஸுக்கு இப்போது புரிந்தது. அவளுக்குப் பின்னால், அவளை முந்தாமல், தொப்பியைக் கையில் பிடித்தபடி அட்டெண்டர். சீட்டாட்டம் நின்றது. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

முதலாளியின் கை மேலே போய் அபாயச் சங்கிலியைப் பிடித்தது.

 ஜெராக்ஸ் ஓர் அடி முன்னால் வைத்தான். லென்ஸ் அவன் சட்டை நுனியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இழுடா," என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "வண்டி நிக்கும். கார்டு வருவாரு, எதுக்கு இழுத்தேன்னு கேப்பாரு. அவர் முன்னாடி, இத்தனை பேர் முன்னாடி, என் முகத்தைப் பார்த்து, எங்கம்மாவுக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லு. டாக்டர்கிட்டச் சொன்னே, இவங்ககிட்டச் சொன்னே. என்கிட்ட இன்னும் சொல்லல. சொல்லு, கேக்கறேன்."

கை சங்கிலியிலேயே இருந்தது. 

"கடை என்னம்மா ஆகும்?" என்றார் கடைசியில். "கல்யாண ஆர்டர் அத்தனையும் அப்படியே கிடக்கு. துணியை வெட்டப் போனா கை நடுங்குது. எனக்கு அளவே வர மாட்டேங்குது."

"இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். அம்மா, எனக்கு வெட்ட வரல, சொல்லிக் கொடுன்னு கேட்டிருந்தா ஒரு மாசம் கழிச்சு ஏறியிருப்பேன். நீ எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டினே." அவள் இரண்டு அடி வைத்து அவர் எதிரே நின்றாள். "கையை இறக்கு. என்னை இந்த வண்டியிலேர்ந்து இறக்க உன்னால முடியாது. நானா இறங்கினாத்தான் உண்டு."

கை இறங்கியது. எங்கோ ஒரு குழந்தை, "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். ஓடுகிற ரயிலில், கையில் பெட்டியும் இல்லாமல், டிக்கெட்டும் இல்லாமல், பளபளக்கிற பூட்ஸோடு நின்ற ஒரே ஆள் அவர்தான்.

"நான் எங்கே உக்கார்றது?"

"என் பெர்த் காலியாத்தானே கிடக்கு. மேல் பெர்த், ஏறிக்கோ. கார்டு வந்தா டிக்கெட்டுக்குப் பணம் கட்டு." அவள் ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் இடம் தட்டிக் காட்டினாள். "அதுவரைக்கும் இங்கே உக்காரு. நீ என்கிட்ட உக்காந்து பேசி எத்தனை வருஷமாச்சு."

அவர் உட்கார்ந்தார். அட்டெண்டர் ஒரு டம்ளர் தேநீரை அவர் கையில் கொடுத்தார். இந்த முறை சர்க்கரை மறக்கவில்லை. முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தேநீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"கடைசி ஸ்டேஷன்ல இவருக்கு என்ன சொல்லப் போறேம்மா?"

அட்டெண்டரும் நகராமல் நின்றார். லென்ஸ் நின்றாள். பாதி கழற்றிய சட்டையோடு ஜெராக்ஸும் நின்றான்.

"அது உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது," என்றாள் அவள். புல்வெளி முடிந்து, இதுவரை அவள் பார்த்திராத ஒரு பெரிய ஆறு ஜன்னலில் விரிந்துகொண்டிருந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எனக்கே இன்னும் தெரியாது. வழி பாக்கி இருக்குல்ல. கொஞ்சம் தள்ளி உக்காரு, மறைக்கிறே."